குளோபுலின் 1.6: ஆன்டிபாடி குறைந்தவர்களின் நுரையீரல்

கல்லீரல் பரிசோதனை என்று ரத்தம் கொடுத்து வாங்கும் தாளில், பிலிரூபினுக்கும் எஸ்.ஜி.பி.டி.க்கும் கீழே மூன்று வரிகள் இருக்கும்: மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின். முதல் இரண்டையும் கருவி அளந்து சொல்கிறது. மூன்றாவதை யாரும் அளப்பதில்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் போடுகிறார்கள். காமாலை இல்லை என்று தெரிந்ததும் தாள் மடிந்து பைக்குள் போய்விடும். வருடத்துக்கு இரண்டு முறை நிமோனியா, ஓயாத சைனஸ் தொல்லை, விடிந்தால் அரை டம்ளர் சளி என்று வாழும் ஒருவரின் தாளில் அந்தக் கழித்தலுக்கு விடை 1.6 என்று வந்திருந்தால், அவருடைய நோயில் பாதி அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

குளோபுலின் என்பது பல புரதங்களின் கூட்டு. அதில் மிகப் பெரிய தனிப்பங்கு ஐஜிஜி என்ற ஆன்டிபாடிக்கு. நலமாக இருக்கும் பெரியவருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்த நீரில் ஏறத்தாழ 700 முதல் 1600 மி.கி. வரை ஐஜிஜி இருக்கும். அது 200-க்கு இறங்கினால் மொத்தக் குளோபுலினும் 2 கிராமுக்குக் கீழே வந்துவிடும். வேல்ஸ் நாட்டு ஆய்வகங்கள் இந்த எளிய கணக்கையே சல்லடையாகப் பயன்படுத்தின. குளோபுலின் லிட்டருக்கு 18 கிராமுக்குக் கீழே, அதாவது நம் தாள்களின் கணக்கில் 1.8-க்குக் கீழே இருந்தால், வேறு எதற்காகக் கொடுத்த ரத்தமாக இருந்தாலும் ஆன்டிபாடி அளவைப் பாருங்கள் என்று மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்படித்தான் அங்கே பலருடைய ஆன்டிபாடி குறைபாடு வெளியே தெரிய வந்தது. புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆல்புமினை அளக்க ஆய்வகங்கள் இரண்டு விதச் சாயங்களைப் பயன்படுத்துகின்றன: புரோமோகிரெசால் பச்சை, புரோமோகிரெசால் ஊதா. பச்சைச் சாயம் ஆல்புமினைச் சற்றுக் கூட்டிக் காட்டும். கழித்து வரும் குளோபுலின் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே ஒரு ஆய்வகத்தின் 1.8-ம் இன்னொன்றின் 1.8-ம் ஒன்றல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் கணிப்பு: நாள்பட்ட தொற்று இருக்கும் உடலில் குளோபுலின் ஏறித்தான் இருக்க வேண்டும். வருடக்கணக்காகச் சளி கட்டி வாழ்பவருக்கு 3.5, 4 என்று வருவதே இயல்பு. அப்படிப்பட்டவருக்கு 2.1 வந்து, பக்கத்தில் "நார்மலுக்குச் சற்றுக் குறைவு" என்று அச்சாகியிருந்தால், அதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்து ஆன்டிபாடியின் மூன்று வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் அளக்க வேண்டும். குறைந்திருந்தால் உடனே பிறவிக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா, குடல் வழியாகப் போகிறதா, வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமசெபின் சாப்பிடுகிறாரா, நீண்ட நாள் ஸ்டீராய்டா, ஆன்டிபாடி செய்யும் பரம்பரையான பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் எப்போதாவது ஏறியதா, ரத்தப் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். பிறகு தடுப்பூசிச் சோதனை. நிமோகாக்கஸ் பாலிசாக்கரைடு தடுப்பூசி போடுவதற்கு முன் ஒரு முறையும், போட்டு நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இன்னொரு முறையும் ரத்தம் எடுத்து, உடல் புதிதாக ஆன்டிபாடி செய்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதெல்லாம் சிகிச்சையாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அவசரத்தில் பாட்டிலை ஏற்றிவிட்டு, பிறகு ரத்தம் எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒவ்வொரு தொகுப்பும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்து வருவது. அது ஏறிய பிறகு நோயாளியின் ரத்தத்தில் நீங்கள் அளப்பது முகம் தெரியாத அந்த ஆயிரம் பேரின் ஆன்டிபாடியைத்தான்.

புரூட்டனின் சிறுவன்

1952-ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். நான்கு வருடங்களில் திரும்பத் திரும்ப நிமோகாக்கஸ் கிருமி அவன் ரத்தத்தில் பரவியிருந்தது. ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும், அப்போது புதிதாக வந்திருந்த எலக்ட்ரோஃபோரிசிஸ் கருவியில் அவன் ரத்த நீரை ஓட்டிப் பார்த்தபோது, காமா குளோபுலின் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மாதம் 3.2 கிராம் காமா குளோபுலினைத் தோலுக்கடியில் செலுத்தினார். ரத்தத் தொற்று நின்றது. காரணமான மரபணுவை 1993-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அது செய்யும் நொதிக்கு அவர் பெயரையே வைத்து பி.டி.கே. என்கிறார்கள்.

அந்த 3.2 கிராம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இன்று மாதம் 10 முதல் 15 கிராம் கொடுப்பார்கள். பல வருடங்கள் இந்த மருந்து தசையில் ஊசியாகவே போடப்பட்டது. வலியாலும் கன அளவாலும் கிலோவுக்கு 100 மி.கி.க்கு மேல் கொடுப்பது கடினம். உயிர் பிழைத்தார்கள், நுரையீரல் பிழைக்கவில்லை. 1980-களில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து வந்த பிறகுதான் போதிய அளவு கொடுக்க முடிந்தது. "எவ்வளவு கொடுத்தால் போதும்" என்ற கேள்வியும் அப்போதுதான் ஆராய்ச்சியாக மாறியது.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது புரூட்டன் நோய் அல்ல, சி.வி.ஐ.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொது மாறுபடு எதிர்ப்பாற்றல் குறைபாடு. 25,000 முதல் 50,000 பேருக்கு ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஐஜிஜி குறைவு, கூடவே ஐஜிஏ அல்லது ஐஜிஎம் குறைவு, தடுப்பூசிக்குப் பதில் இல்லை, வேறு காரணமும் இல்லை: இந்த நான்கும் சேர்ந்தால் அந்தப் பெயர். ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. இந்த நோயாளிகளின் நுரையீரல் கெடுவதற்கும் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒன்று தொற்றால் கெடுவது. மற்றது தடம் புரண்ட எதிர்ப்பாற்றலே நுரையீரலுக்குள் புகுந்து கெடுப்பது. இம்யூனோகுளோபுலின் முதல் பாதையைப் பெருமளவு அடைக்கும், இரண்டாவதை அடைக்காது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் "மாதாமாதம் மருந்து ஏறுகிறதே, இன்னும் ஏன் மூச்சு வாங்குகிறது?" என்ற கேள்விக்கு வருடக்கணக்கில் தவறான பதில் சொல்லப்படுகிறது.

முதல் பாதை

மூச்சுக்குழாயில் கிருமி தங்கினால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடுகின்றன. அவை உமிழும் எலாஸ்டேஸ் என்ற நொதி கிருமியை மட்டும் தின்பதில்லை. குழாய்ச் சுவரின் மீள்தன்மையையும் தின்கிறது. சுவர் தளர்ந்து குழாய் அகலமாகிறது. அகன்ற குழாயில் சளி தேங்குகிறது, தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது, மறுபடி நியூட்ரோஃபில். இதுவே பிராங்கியெக்டாசிஸ், மூச்சுக்குழாய் விரிவு. சி.டி. ஸ்கேனில் குழாய் தன்னோடு ஓடும் ரத்தநாளத்தைவிடப் பெரிதாக, கல் பதித்த மோதிரம் போலத் தெரியும். நுனி நோக்கிப் போகப் போகச் சிறுக்க வேண்டிய குழாய் சிறுக்காது. ஆன்டிபாடி குறைபாட்டில் இது பெரும்பாலும் நடுமடலிலும் கீழ்மடலிலும் வரும். காசநோய் விட்டுச் செல்லும் விரிவு பொதுவாக மேல்மடலில். படத்தில் இருக்கும் இடமே ஒரு துப்பு.

மருந்தின் அளவு பற்றிய ஆராய்ச்சியில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை, இரண்டும் 2010-ல் வந்தவை. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் ஐஜிஜி அளவு (அடிமட்ட அளவு) டெசிலிட்டருக்கு 100 மி.கி. கூடும் ஒவ்வொரு முறையும் நிமோனியா 27 சதவீதம் குறைந்தது. 500-ல் வைக்கப்பட்டவர்களுக்கு, 1000-ல் வைக்கப்பட்டவர்களைப் போல ஐந்து மடங்கு நிமோனியா வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 22 வருடங்கள் நோயாளிகளைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு வேறொன்றைச் சொன்னது: தொற்றில்லாமல் இருக்க ஒருவருக்கு 500 போதும், இன்னொருவருக்கு 1700 வேண்டும். எல்லோருக்கும் 700 என்று கோடு போட்டுவிட்டு உட்கார முடியாது. கோடு ஒரு தொடக்கம். அந்த வருடம் எத்தனை முறை ஆன்டிபயாட்டிக் எடுத்தார் என்பதை வைத்துத்தான் அளவை நகர்த்த வேண்டும். கிலோவுக்கு 100 மி.கி. கூட்டினால் அடிமட்ட அளவு சராசரியாக 121 மி.கி. உயரும். ஏற்கெனவே குழாய் விரிந்தவர்களுக்கு 800 முதல் 1000 வரை தேவைப்படலாம்.

ஐஜிஜி-யின் அரை ஆயுள் சுமார் 21 நாள். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பது அங்கிருந்து வருவது. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 500 மி.கி. என்றால் 30 கிராம். 5 சதவீத மருந்தில் ஆறு பாட்டில், 600 மி.லி. அதைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும், வெந்நீரில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. நுரைத்தால் புரதம் கட்டிவிடும். முதல் அரை மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு 0.5 மி.லி., அதாவது மணிக்கு 30 மி.லி. தொந்தரவு இல்லையென்றால் அடுத்த அரை மணிக்கு 60, அதற்கடுத்து 120, பிறகு அதிகபட்சம் 240. இந்தக் கணக்கில் மூன்றரை மணி நேரம் ஆகும். 10 சதவீத மருந்தின் வேகக் கணக்கு வேறு. பாட்டிலோடு வரும் தாளில் உள்ளதே இறுதி. குளிர் நடுக்கம், முதுகுவலி, தலைவலி பெரும்பாலும் வேகத்தால் வருபவை. நிறுத்தி, வேகத்தைப் பாதியாக்கினால் அடங்கிவிடும். காய்ச்சலோடு, தொற்று கொழுந்துவிட்டிருக்கும் நாளில் ஏற்றினால் நடுக்கம் அதிகம். ஆன்டிபயாட்டிக் தொடங்கி இரண்டு மூன்று நாள் பொறுப்பது நல்லது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழுத்து விறைப்போடு கடும் தலைவலி வந்தால் அது கிருமியில்லாத மூளையுறை அழற்சியாக இருக்கலாம். அடுத்த முறை வேகத்தைக் குறைத்து, முன்னதாகவே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். சுக்ரோஸ் சேர்த்த தயாரிப்புகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மால்டோஸ் சேர்த்தவை சிலவகைக் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.

அடிமட்ட அளவுக்கான ரத்தம் ஏற்றுவதற்குச் சற்று முன் எடுக்க வேண்டியது. பாட்டில் ஓடத் தொடங்கிய பிறகோ ஒரு வாரம் கழித்தோ எடுத்தால் எண் அழகாக இருக்கும், பயன் இருக்காது. குழந்தை ஆறு கிலோ கூடிய பிறகும் பழைய அளவே ஓடிக்கொண்டிருப்பதும் இதேபோல் கண்ணில் படாத பிழை.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நரம்பில் ஏறுவது ஐஜிஜி மட்டும்தான். மூச்சுக்குழாயின் ஈரப்பரப்பைக் காக்கும் ஐஜிஏ அதில் இல்லை, ஐஜிஎம் இல்லை. ஆகவே ரத்தத்தில் பரவும் நிமோகாக்கஸ் அடங்கினாலும், உறையில்லாத ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே கிருமி சளியில் குடியிருக்கும். ரைனோ வைரஸும் மற்றவர்களைவிட நீண்ட நாள் தங்கும். இந்த ஹீமோஃபிலஸ் மென்மையான கிருமி. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன், காலையில், ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். சாக்லேட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க வேண்டும். மதியம் வரை மேசையில் கிடந்த டப்பாவில் "வளர்ச்சி இல்லை" என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

சளியை வெளியேற்றும் வேலைக்கு மருந்துக்குச் சமமான மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செய்முறை இதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, வயிறு மட்டும் அசையுமாறு மெல்ல மூச்சு விடவும். பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு. ஒவ்வொன்றையும் மூன்று விநாடி பிடித்து, தள்ளாமல் விடவும். மறுபடி மெல்லிய மூச்சு. அடுத்து வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் "ஹா" என்று ஒன்றிரண்டு முறை தள்ளவும். சளி மேலே வந்த பிறகு மட்டும் இருமவும். பத்திலிருந்து இருபது நிமிடம், காலை மாலை. தொடக்கத்திலேயே இருமினால் குழாய் மூடிக்கொள்ளும், சளி உள்ளேயே நிற்கும். கெட்டிச் சளி உள்ளவர்களுக்கு இதற்கு முன் 3 அல்லது 7 சதவீத உப்புக் கரைசல் 4 மி.லி. நெபுலைசரில் கொடுப்பார்கள். குழாய் சுருங்காமல் இருக்க அதற்கும் முன் சால்புட்டமால் தேவை. முதல் டோஸை வீட்டில் தொடங்காமல், மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமீட்டர் இருக்கும் இடத்தில் மருத்துவர் கண் முன்னால்தான் எடுக்க வேண்டும். நெபுலைசர் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, துணியில் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். ஈரமாக மூடி வைத்த கிண்ணத்தில் வளரும் சூடோமோனாஸ் நேராக நுரையீரலுக்கே போகும்.

இத்தாலியில் நடந்து 2019-ல் வெளியான ஒரு சோதனை 89 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு அசித்ரோமைசின் 250 மி.கி. வாரம் மூன்று நாள், இரண்டு வருடம். மறுபாதிக்குப் போலி மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு 3.6 முறை நோய் முற்றியது, மற்றவர்களுக்கு 5.2 முறை. சிறிய வித்தியாசம் போலத் தெரியலாம். நாள்பட்ட சளியோடு வாழ்பவருக்கு அது சிறியதல்ல. ஆனால் தொடங்கும் முன் சளியில் காசநோய்க் கிருமியும் அதன் உறவுக் கிருமிகளான பிற மைக்கோபாக்டீரியாக்களும் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். அந்தப் பிற மைக்கோபாக்டீரியாக்களைத் தனியாக இந்த மருந்தால் அடித்தால் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியையும், காது கேட்கும் திறனையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது பாதை

சி.வி.ஐ.டி. உள்ளவர்களில் ஏறத்தாழ பத்திலிருந்து இருபது சதவீதம் பேருக்கு நுரையீரல் திசுவுக்குள் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் (பி செல், டி செல் இவற்றின் வகைகள்) திரண்டு, ஊடே கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சுகளும் தோன்றும். ஜி.எல்.ஐ.எல்.டி. என்பது இதன் சுருக்கப் பெயர்; உச்சரிப்பில் "கிளில்டு". 2004-ல் இந்தப் பெயரைக் கொடுத்த ஆய்வில், இது உள்ளவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 13.7 வருடம், இல்லாதவர்களுக்கு 28.8 வருடம். ஒரு சிறிய குழுவில் கிடைத்த பழைய கணக்கு அது. இன்றைய நோயாளி அதைத் தன் விதியாகப் படிக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு எண்களே இந்த நோயைத் தனியாக ஆராய வேண்டும் என்று எல்லோரையும் நிமிர வைத்தன.

நம் ஊரில் இது தடுமாறும் இடம் தெளிவாகத் தெரிகிறது. சி.டி.யில் சிறு முடிச்சுகள், வீங்கிய நிணநீர்க் கட்டிகள். ஊசி வைத்து எடுத்த திசுவில் கிரானுலோமா. இந்தியாவில் இந்த மூன்றையும் பார்த்ததும் வாய் தானாகவே காசநோய் என்று சொல்லும், பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். ஆறு மாதம் மருந்து, மாற்றமில்லை; மறுபடி ஆறு மாதம்; பிறகு கிரானுலோமா வரும் இன்னொரு நோயான சார்கோய்டோசிஸ் என்று பெயர் மாறி ஸ்டீராய்டு. இந்தச் சுழலை உடைப்பதும் அதே குளோபுலின் வரிதான். சார்கோய்டோசிஸில் ஆன்டிபாடி பெரும்பாலும் கூடியிருக்கும், இங்கே குறைந்திருக்கும். சார்கோய்டு மேல்மடலை விரும்பும், இது கீழ்மடலை. கூடவே மண்ணீரல் வீங்கியிருக்கும். முன்பு எப்போதோ பிளேட்லெட் குறைந்தோ, ரத்தச் சிவப்பணு தானே உடைந்தோ படுக்கையில் இருந்திருப்பார். காசநோய் இல்லையென்று சொல்ல மாண்டூ தோல் சோதனையையோ ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தச் சோதனையையோ நம்ப முடியாது. இவர்களின் டி செல் மந்தமாக இருந்தால் இரண்டுமே பொய்யாக நெகட்டிவ் காட்டும். கிருமியையே தேடும் ஜீன் எக்ஸ்பர்ட்டும் கல்ச்சரும்தான் வழி.

திசு எடுக்கும்போது மூச்சுக்குழாய் வழியாகக் கிள்ளி எடுத்த துணுக்கு பெரும்பாலும் போதாது. முடிந்தால் வாட்ஸ் எனப்படும் துளை அறுவையில் நல்ல துண்டாக எடுக்க வேண்டும். ஒரே துண்டில் ஓரிடத்தில் கிரானுலோமா, ஓரிடத்தில் குழாயைச் சுற்றி லிம்போசைட் முடிச்சு, இன்னோரிடத்தில் ஆர்கனைசிங் நிமோனியா என்று கலந்து கிடப்பதே இதன் அடையாளம். அதில் பி செல், டி செல் சாயங்கள், எப்ஸ்டீன்–பார் வைரஸுக்கான சோதனை, அணுக்கள் ஒரே குலமா என்ற சோதனை எல்லாம் கேட்டு எழுத வேண்டும். நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா இதே முகத்தோடு வரும்.

ஆராய்ச்சி எங்கே வேகமெடுத்தது என்றால், "சி.வி.ஐ.டி." என்ற கூடையைப் பிரித்து மரபணு வாரியாகப் பார்க்கத் தொடங்கியபோது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சி.டி.எல்.ஏ.-4 என்ற புரதத்தின் கதை. டி செல்லின் பிரேக் அது. எதிரணுக்களைக் காட்டிக்கொடுக்கும் செல்லின் மேலுள்ள கொக்கிகளைப் பிடுங்கி உள்ளே இழுத்துக்கொள்வதால் மற்ற டி செல்கள் வெறிகொள்ளாமல் இருக்கின்றன. 2014-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியின் ஃப்ரைபர்கிலும் இரண்டு குழுக்கள், இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே ஆன்டிபாடி குறைந்து, குடலிலும் நுரையீரலிலும் லிம்போசைட் குவியும் என்று காட்டின. எல்.ஆர்.பி.ஏ. என்ற இன்னொரு மரபணு கெட்டவர்களுக்கும் அதே நோய்தான், ஆனால் அவர்களின் சி.டி.எல்.ஏ.-4 மரபணு நன்றாகவே இருந்தது. ஏன் என்ற கேள்விக்கு 2015-ல் விடை வந்தது. இந்தப் பிரேக் புரதம் பெரும்பாலும் செல்லுக்குள் பைகளில் காத்திருந்து, தேவைப்படும்போது மேலே வந்து, மறுபடி உள்ளே போகும். உள்ளே போகும்போது அதைக் குப்பைக்கிடங்கான லைசோசோமுக்குப் போகாமல் பிடித்து வைப்பது எல்.ஆர்.பி.ஏ. பிடிப்பவர் இல்லையென்றால் பிரேக் முழுவதும் குப்பையில் கரைந்துவிடுகிறது.

இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து இரண்டு மருந்துகள் கிடைத்தன, இரண்டுமே ஏற்கெனவே கடையில் இருந்தவை. லைசோசோமின் அமிலத்தைக் குறைப்பது குளோரோகுவின். செல்களில் அதைக் கொடுத்தபோது சி.டி.எல்.ஏ.-4 கரையாமல் தங்கியது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அபாடாசெப்ட், சி.டி.எல்.ஏ.-4-இன் வெளிப்பகுதியைக் கொண்டே செய்த மருந்து. இல்லாத பிரேக்கை வெளியிலிருந்து வைப்பதுபோல. ஸ்டீராய்டுக்கும் வேறு மருந்துகளுக்கும் அசையாமல் இருந்த எல்.ஆர்.பி.ஏ. நோயாளிகளின் நுரையீரல் நிழல்கள் அபாடாசெப்டில் கரைந்தன. மரபணு தெரியாமல் இருந்திருந்தால் அந்த மருந்தை அவர்களுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

பி.ஐ.3-கைனேஸ் டெல்டா கதையும் இதைப்போலத்தான். 2013-ல் கேம்பிரிட்ஜ் குழு, இந்த நொதி அணையாத விளக்குபோல் எரிந்துகொண்டே இருக்கும் குடும்பங்களைக் கண்டது. அவர்களிடம் சிறு வயதிலேயே மூச்சுக்குழாய் விரிவு. பத்து வருடத்தில், 2023 மார்ச்சில், அந்த நொதியை மட்டும் தணிக்கும் லெனியோலிசிப் மாத்திரை அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி பெற்றது, 70 மி.கி. நாளுக்கு இரண்டு முறை. அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் இருந்தவர்கள் 31 பேர், 12 வாரம். அளக்கப்பட்டவை நிணநீர்க் கட்டியின் அளவும் ரத்தத்தில் இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத (நைவ்) பி செல்லின் விகிதமும். விரிந்துவிட்ட மூச்சுக்குழாய் இந்த மாத்திரையால் பழைய அளவுக்குத் திரும்பாது; அதனால்தான் மரபணுச் சோதனை சீக்கிரமே நடக்க வேண்டும் என்கிறோம்.

மரபணு எதுவும் கிடைக்காத கிளில்டு நோயாளிக்கு? ஸ்டீராய்டில் தொடங்குவது வழக்கம். குறைக்கும்போது திரும்பி வருவதும் வழக்கம். ரிட்டுக்சிமாப், கூடவே அசத்தியோபிரின் அல்லது மைக்கோஃபினோலேட் என்ற கூட்டு 2013-ல் ஏழு பேரிடமும், பிறகு 2021-ல் 39 பேரிடமும் பலன் தந்ததாக வெளியானது. சி.டி. படமும் மூச்சின் கொள்ளளவும் மேம்பட்டன. இவை ஒப்பீட்டுக் குழு இல்லாத தொகுப்புகள் என்பதை மறக்கக் கூடாது. ரிட்டுக்சிமாப்புக்குப் பின் சிலருக்கு ஏன் நோய் திரும்புகிறது என்பதற்கு 2019-ல் ஒரு விளக்கம் கிடைத்தது: பி செல்லை வளர்க்கும் பாஃப் என்ற புரதம் கூடி, நுரையீரலில் மறுபடி பி செல்களை ஊட்டி வளர்க்கிறது. நோய் முன்னேறுபவர்களிடம் ரத்தத்தில் ஐஜிஎம் ஏறுவதையும் அதே ஆய்வு காட்டியது. ஐஜிஎம் மலிவான சோதனை, எந்த ஊரிலும் கிடைக்கும். ஏற்றும் மருந்தில் ஐஜிஎம் இல்லாததால் வருவது நோயாளியின் சொந்த எண். இந்தக் காரணத்தாலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் குறித்து வைக்கச் சொல்வேன்.

இந்த மருந்துகளுக்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்பில் இரவல் ஆன்டிபாடி மறுபடி குறுக்கே வரும். ரிட்டுக்சிமாப்புக்கு முன் ஹெபடைட்டிஸ் பி பார்க்க வேண்டும். கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால் அது நன்கொடையாளர்களுடையதாக இருக்கலாம். எச்.பி.எஸ். ஆன்டிஜெனும் வைரஸின் டி.என்.ஏ.வும் பார்த்தால்தான் உண்மை தெரியும். மாறாக, நோயாளியின் உடல் ஆன்டிபாடி செய்யாததால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி சோதனைகள் நெகட்டிவ் வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. வைரஸையே தேடும் சோதனை வேண்டும். பூஞ்சைக்கான பீட்டா டி குளுக்கான், மருந்து ஏறிய பின்னான நாட்களில் பொய்யாக ஏறும். அசத்தியோபிரினுக்கு முன், அந்த மருந்தை உடலில் செயலிழக்கச் செய்யும் டி.பி.எம்.டி.யோடு நுட்15 மரபணுவையும் பார்க்க வேண்டும். வெள்ளையணுக்கள் சடாரென்று விழுவதற்கு நம் நாட்டவரிடம் நுட்15 மாறுபாடு ஒரு முக்கியக் காரணம். ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாப்பும் சேரும்போது நிமோசிஸ்டிஸ் பூஞ்சைக்கு எதிராகக் கோட்ரைமாக்சசோல் தொடங்க வேண்டும்.

யாருக்கு, எப்போது தொடங்குவது என்பதில் 2017-ல் பிரிட்டிஷ் நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: அறிகுறி இருந்து நுரையீரல் செயல்பாடு குறைந்துகொண்டே போனால் மருந்து, படத்தில் நிழல் இருந்தும் அறிகுறியில்லை, செயல்பாடு இயல்பாக நிலையாக இருக்கிறது என்றால் கவனித்திருப்பது. கவனித்திருப்பது என்றால் ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்த்துவிட்டு அனுப்புவது அல்ல. கிளில்டு காற்றறையின் சுவரைத் தடிக்க வைக்கும் நோய். ஊதும் அளவு இயல்பாக இருக்கும்போதே வாயு ரத்தத்துக்குள் கடக்கும் திறன் விழத் தொடங்கியிருக்கும். அதை அளக்கும் டி.எல்.சி.ஓ. சோதனை பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, அதே கருவியில், ஹீமோகுளோபின் அளவைத் திருத்தத்துக்குக் கொடுத்துச் செய்ய வேண்டும். ரத்தசோகை இருக்கும்போது திருத்தாமல் எடுத்த எண் நோய் முற்றிவிட்டதாகக் காட்டும், தேவையில்லாத ஸ்டீராய்டு தொடங்கிவிடும்.